வாக்கர், ஃபுல்லர், டக்கர்: ஒரே தொட்டியிலிருந்து எழுந்து வந்த மூன்று குடும்பப் பெயர்கள்

முகத்துக்குப் பூசுகிற முல்தானி மெட்டி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பல பாக்கெட்டுகளில் ‘ஃபுல்லர்ஸ் எர்த்’ என்று ஆங்கிலத்தில் இன்னொரு பெயரும் அச்சாகியிருக்கும். அதாவது, ஃபுல்லருடைய மண். யார் இந்த ஃபுல்லர்? அந்த மண்ணைக் கண்டுபிடித்தவரா, அதை விற்ற வியாபாரியா? இரண்டும் இல்லை. ஃபுல்லர் என்பது தனி ஒருவரின் பெயரே அல்ல, ஒரு தொழிலின் பெயர். நெய்து முடித்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, காலால் மிதித்து, அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போக்கிக் கெட்டியாக்குகிறவர்தான் ஃபுல்லர். அவர் பயன்படுத்திய மண் என்பதால் அது ஃபுல்லருடைய மண் ஆனது.

இந்த வேலையைச் செய்தவரை இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஃபுல்லர் என்றார்கள். வடக்கில் வாக்கர் என்றார்கள். தென்மேற்கில் டக்கர். மூன்றுமே பிறகு குடும்பப் பெயர்களாகி உலகம் முழுக்கப் பரவின. அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் பெயரில் வருகிற அந்த ‘டபிள்யூ’ வாக்கர்தான்.

வாக்கர் என்றால் நடப்பவர்தானே என்று கேட்கலாம். ஆங்கிலேயர்களிலேயே பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஜானி வாக்கர் பாட்டிலில் தொப்பியும் கைத்தடியுமாக ஒரு மனிதர் எட்டி நடைபோடுகிற படம் 1908இல் வரையப்பட்டது. பெயரை ‘நடப்பவர்’ என்று எடுத்துக்கொண்டு வரைந்த படம் அது. பெயரின் உண்மையான பொருள் வேறு. அதைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் அந்தத் தொட்டிக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும்.

நெய்த துணியை எதற்கு மிதிக்க வேண்டும்?

பருத்தித் துணி பழகிய நமக்கு இந்த வேலை சட்டென்று விளங்காது. தறியிலிருந்து இறங்கிய பருத்திச் சேலை அப்போதே சேலைதான். கம்பளி அப்படி இல்லை.

ஆட்டு உரோமத்தில் இயல்பாகவே ஒரு கொழுப்பு உண்டு. நூற்கும்போது இழை வழுக்கி வரட்டும் என்று மேற்கொண்டு எண்ணெயும் வெண்ணெயும் தடவுவார்கள். ஆகவே தறியிலிருந்து வருகிற கம்பளித் துணி பிசுபிசுவென்று, நாற்றத்தோடு, இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும்படி தளர்வாக இருக்கும். அதை உடுத்திக்கொண்டு இங்கிலாந்தின் மழையில் நிற்க முடியாது. இரண்டு வேலை பாக்கி இருக்கிறது: கொழுப்பை எடுப்பது, துணியை இறுக்குவது.

கொழுப்பை எடுக்க இரண்டு பொருள்கள். ஒன்று, பழைய சிறுநீர். சில நாள் வைத்திருந்தால் அதிலுள்ள யூரியா சிதைந்து அமோனியா உண்டாகும். அமோனியா கொழுப்போடு சேர்ந்து சோப்பு மாதிரி வேலை செய்யும். ஊரில் வீடு வீடாகப் பானையில் சேர்த்து வைத்ததை வாங்கிக்கொண்டு போவார்கள். இன்னொன்று, மேலே சொன்ன மண். மிக நுண்ணிய களிமண் வகை இது, எண்ணெயை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். முகத்தில் எண்ணெய் வழிகிறவர்கள் இன்றும் இதைப் பூசுவது அதே காரணத்துக்காகத்தான். இங்கிலாந்தில் சர்ரே, பெட்ஃபோர்ட்‌ஷயர், பாத் நகரச் சுற்றுப்புறம் ஆகிய இடங்களில் இந்த மண் வெட்டி எடுக்கப்பட்டது. அந்நாட்டுக் கம்பளித் தொழிலுக்கு இது எவ்வளவு முக்கியமாக இருந்தது என்றால், 17ஆம் நூற்றாண்டில் இதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் தடையே போட்டார்கள்.

இறுக்குவதற்குத்தான் கால். ஆட்டு உரோமத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், ஓடு வேய்ந்த கூரைபோலச் சின்னச் சின்னச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஈரமும் சூடும் உரசலும் சேர்ந்தால் ஓர் இழையின் செதில் அடுத்த இழையின் செதிலில் மாட்டிக்கொள்ளும். மாட்டியது பின்னோக்கி வராது. கம்பளி ஸ்வெட்டரைத் தெரியாமல் வெந்நீரில் போட்டு வாஷிங் மெஷினில் சுற்றவிட்டவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்: அப்பா போட்டது பிள்ளைக்கு ஆகிவிடும். அந்தச் சுருக்கத்தைத்தான் இவர்கள் வேண்டுமென்றே, அளவு பார்த்து, துணி முழுக்க ஒரே சீராக வரவழைத்தார்கள்.

இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பொம்பெயி நகரத்தில் ரோமர் காலத்துப் பட்டறைகள் அப்படியே கிடைத்திருக்கின்றன. சுவரோரமாகச் சின்னச் சின்னத் தொட்டிகள். ஒவ்வொன்றுக்கும் இருபுறம் குட்டைச் சுவர். ஆள் தொட்டிக்குள் இறங்கி, இரண்டு கையையும் பக்கச் சுவர்களில் ஊன்றிக்கொண்டு, முழங்கால் வரை அந்தக் கலவையில் நின்று மிதிப்பார். இங்கிலாந்திலும் முறை அதேதான். துணியைப் புரட்டிப் புரட்டிப் போட்டு மணிக்கணக்காக மிதிக்க வேண்டும். ஓரிடத்தில் அதிகம் மிதித்தால் அங்கே மட்டும் சுருங்கித் துணி கோணிவிடும். முரட்டு வேலைதான், ஆனாலும் இதற்குக் கைப்பழக்கம், சரியாகச் சொன்னால் கால்பழக்கம், கட்டாயம் வேண்டும்.

மிதித்து அலசிய துணியை வெட்டவெளியில் மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். சட்டத்தின் மேலும் கீழும் வரிசையாக வளைந்த கொக்கிகள் இருக்கும். பதற்றத்தோடு காத்திருப்பவரை அந்தக் கொக்கியில் மாட்டித் தொங்குகிறவராகச் சொல்லும் ஆங்கில வழக்கு இங்கிருந்து வந்ததுதான்.

மூன்று சொற்கள், மூன்று வேர்கள்

வேலை ஒன்றாக இருக்க, பெயர் ஏன் மூன்று? ஒவ்வொரு சொல்லும் வேறு வேறு வழியாக வந்திருக்கிறது.

1. ஃபுல்லர். இலத்தீனில் இந்தத் தொழிலாளிக்கு ‘ஃபுல்லோ’ என்று பெயர். பழைய ஆங்கிலம் அதை அப்போதே கடன் வாங்கிவிட்டது. 1066இல் பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின், அதே இலத்தீன் வேரிலிருந்து வந்த பிரெஞ்சுச் சொல்லும் கூடவே வந்து இதற்கு வலுச் சேர்த்தது. பிரெஞ்சில் ‘ஃபூலே’ என்றால் இன்றும் மிதித்தல், துவைத்தல் என்று பொருள்.

2. வாக்கர். இது ஜெர்மானிய வேர். பழைய ஆங்கிலத்தில் ‘வெயல்கன்’ என்றால் உருட்டுதல், புரட்டுதல். துணியைப் புரட்டி உருட்டுகிறவர் வாக்கர். ஜெர்மனியிலும் இதே வேரில் பிறந்த வால்கர் என்ற குடும்பப் பெயர் இருக்கிறது, பொருளும் இதேதான். நடப்பதைக் குறிக்க அன்றைய ஆங்கிலத்தில் வேறு சொல் இருந்தது. இந்தச் சொல்லுக்கு ‘காலால் நடத்தல்’ என்ற பொருள் பின்னால்தான் வந்து சேர்ந்தது. ஆகவே ‘துணிமேல் நடந்தார், அதனால் வாக்கர்’ என்று பல இடங்களில் எழுதியிருப்பது பாதி சரி. அவர் துணிமேல் நடந்தது உண்மை. பெயர் வந்தது நடந்ததால் அல்ல, புரட்டியதால்.

3. டக்கர். பழைய ஆங்கிலத்தில் ‘டூகியன்’ என்றால் துன்புறுத்துதல், வதைத்தல். துணியை அடித்து, இழுத்து, படாதபாடு படுத்துகிற வேலைக்கு அது பெயராகிவிட்டது. சட்டையைக் கால்சட்டைக்குள் செருகுவதை ‘டக் இன்’ என்கிறோமே, அந்தச் சொல்லும் இந்தக் குடும்பம்தான்.

சொல் எல்லைகள் பெயர் எல்லைகள் ஆயின

இந்த விஷயத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தப் பகுதிதான். பிரிட்டனின் 1881ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை எடுத்துக்கொண்டு எந்தக் குடும்பப் பெயர் எங்கே அடர்த்தி என்று வரைபடம் போட்டால், சசெக்ஸ், கெண்ட், சஃபோக் பக்கம் ஃபுல்லர் நிறைந்து கிடக்கும். யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கம் வாக்கர். டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். இந்தப் பெயர்கள் உருவாகி ஐந்நூறு ஆண்டுகளுக்குமேல் கழிந்து, ரயிலும் தொழிற்சாலையும் மக்களை இடம் மாற்றியபிறகு எடுத்த கணக்கு அது. அப்படியும் இடைக்காலப் பேச்சுவழக்கின் எல்லைக்கோடு அதில் தெரிகிறது.

குடும்பப் பெயரை விட்டுவிட்டு வேறு சான்றுகளைப் பார்த்தாலும் கோடு அதே இடத்தில்தான் விழுகிறது. வடக்கே இந்த வேலைக்கான ஆலையை ‘வாக் மில்’ என்பார்கள், அந்தப் பெயரில் இடங்களே இருக்கின்றன. ஸ்காட்லாந்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். தென்மேற்கில் எக்ஸ்டர் நகரத்தில் 1471இல் கட்டிய ‘டக்கர்ஸ் ஹால்’ இன்றும் நிற்கிறது. நெசவாளரும், துணி மிதிப்போரும், துணியின் பிசிர் கத்தரிப்போரும் சேர்ந்த தொழிற்குழுவின் கூடம் அது. வேல்ஸில் மொழியே வேறு. அங்கே ‘பாண்டி’ என்றால் துணி மிதிக்கும் ஆலை. 1910இல் சுரங்கத் தொழிலாளர் கலவரத்தால் பெயர்பெற்ற டோனிபாண்டி என்ற ஊரின் பெயரில் இருப்பது அந்தப் பாண்டிதான், நம் பாண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

1380களில் பைபிளை முதன்முதலாக முழுமையாக ஆங்கிலத்தில் பெயர்த்தவர்களுக்கே இது ஒரு சிக்கலாக இருந்திருக்கிறது. மாற்கு சுவிசேஷம் 9ஆம் அதிகாரத்தில், மலைமேல் இயேசுவின் ஆடை மின்னிய காட்சி வருகிறது. உலகத்தில் எந்தத் துணித் தொழிலாளியாலும் அவ்வளவு வெண்மை கொண்டுவர முடியாது என்பது அந்த இடம். அங்கே ‘ஃபுல்லர்’ என்று எழுதி, கூடவே ‘அல்லது துணி வாக்கர்’ என்றும் சேர்த்திருக்கிறார்கள். ஒரு சொல்லை மட்டும் போட்டால் நாட்டின் பாதிப் பேருக்குப் புரியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அதே இடத்தில் தமிழ் பைபிள் ‘வண்ணான்’ என்கிறது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பருத்தி இழைக்குச் செதில் கிடையாது, மிதித்தாலும் கெட்டியாகாது. பருத்தி நெய்த நாட்டில் இப்படி ஒரு தொழிலே தேவைப்படவில்லை. தொழில் இல்லாததால் சொல்லும் இல்லை. ஆனால் ஃபுல்லர் வேறு, வெளுப்பவர் வேறு. வெளுப்பவர் உடுத்திய துணியைத் திரும்பத் திரும்ப வாங்கித் துவைப்பார். இங்கிலாந்தின் ஃபுல்லர் கையில் ஒரு துணி ஒரே ஒரு முறைதான் வரும், அது இன்னும் முழுத் துணியே ஆகாத நிலையில்.

தொழிலின் பெயர் எப்போது குடும்பத்தின் பெயரானது?

நார்மன்கள் வருவதற்கு முன் இங்கிலாந்தில் ஆளுக்கு ஒரே பெயர். பெயர்களின் எண்ணிக்கையும் ஏராளம், ஆகவே ஒரு கிராமத்தில் குழப்பம் வராது. 1066க்குப் பிறகு நிலைமை மாறியது. வில்லியம், ராபர்ட், ஜான், தாமஸ் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களையே எல்லாரும் வைக்க ஆரம்பித்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் சில ஊர்ப் பட்டியல்களில் மூன்று ஆண்களில் ஒருவருக்கு ஜான் என்று பெயர். எந்த ஜான் என்று சொல்ல ஒரு அடையாளம் வேண்டுமே? நான்கு வகையில் சொன்னார்கள்: இருக்கிற இடத்தை வைத்து, அப்பா பெயரை வைத்து, தொழிலை வைத்து, உருவத்தையோ குணத்தையோ வைத்து. ஓடைக்கரை ஜான், ராபர்ட் மகன் ஜான், துணி மிதிக்கிற ஜான், செம்பட்டைத் தலை ஜான்.

இதெல்லாம் இன்னும் குடும்பப் பெயர் அல்ல, வெறும் அடைமொழி. ஜான் துணி மிதித்தால் ஜான் வாக்கர். அவர் மகன் தச்சு வேலைக்குப் போனால் கார்ப்பென்டர். ஆளோடு வந்த அடைமொழி ஆளோடு போய்விடும்.

தமிழர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. நம் இனிஷியல் முறை இன்னும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. முருகனின் மகன் மு. செல்வம், செல்வத்தின் மகள் செ. கயல். ஒவ்வொரு தலைமுறைக்கும் முன்னெழுத்து மாறும், எதுவும் உறைந்து நிற்காது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘சர்நேம்’ கட்டத்தில் எதை எழுதுவது என்று நம்மவர்கள் திணறுவதும் இதனால்தான். உறைந்துபோன பெயர்முறை கொண்டவர்கள் வகுத்த கட்டம் அது.

இங்கிலாந்தில் அது உறைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் காகிதம்தான், அந்தக் காலத்துக் கணக்கில் தோல்சுருள். அப்பாவின் நிலம் மகனுக்குப் போகும்போது, ‘இன்னாருடைய வாரிசு’ என்று பண்ணை நீதிமன்றச் சுருளில் காட்ட ஒரே பெயர் தொடர்வது வசதி. பணக்காரக் குடும்பங்கள் இதை முதலில் செய்தன, எளியவர்கள் பின்னால் வந்தார்கள். தெற்கில் சீக்கிரம், வடக்கில் தாமதம். 1377, 1379, 1381ஆம் ஆண்டுகளில் தலைவரி போட்டார்கள். ஊர் ஊராக, வீடு வீடாக ஆள் பெயர் எழுதினார்கள். அந்த வரிக்கு எதிராக வெடித்த 1381 கிளர்ச்சியின் தலைவர் வாட் டைலர். அவருடைய பெயரும் ஓடு வேய்கிற தொழிலின் பெயர்தான். ஏறக்குறைய 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களில் பெயர் உறைந்துவிட்டது.

இந்தப் பட்டியல்களை வாசிக்கும்போது ஒரு சங்கடம் உண்டு. எழுத்தர்கள் பல இடங்களில் இலத்தீனில் எழுதினார்கள். ஊரார் வாக்கர் என்று கூப்பிட்டாலும் டக்கர் என்று கூப்பிட்டாலும் எழுத்தர் ‘ஃபுல்லோ’ என்று போட்டுவிட்டுப் போய்விடுவார். சுருளில் ‘ஜோஹான்னஸ் ஃபுல்லோ’ என்று இருந்தால், அவருடைய பேரப்பிள்ளைகள் எந்தப் பெயரில் தொடர்ந்தார்கள் என்று அந்த ஒரு வரியை வைத்துச் சொல்ல முடியாது. பக்கத்து ஊரின் ஆங்கிலப் பதிவுகளோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல், ஒவ்வொரு தேவாலயத்திலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று உத்தரவு போட்டார். அதன்பிறகு பெயர் நழுவுவதற்கு வழி மிகவும் குறைந்துபோனது. எழுத்துக்கூட்டல் மட்டும் இன்னும் சில நூற்றாண்டு ஆட்டம் கண்டது. தெற்கில் சொல்லின் தொடக்கத்து ‘ஃப’ ஒலியை ‘வ’ போல உச்சரிக்கிற பகுதிகளில் ஃபுல்லர் ‘வோலர்’ ஆகி, அது தனிக் குடும்பப் பெயராகவே நிலைத்தது.

கால் போனது, பெயர் நின்றது

பெயர்கள் உறையத் தொடங்கிய அதே காலத்தில் தொழில் மாறிக்கொண்டிருந்தது. ஆற்றோரம் நீர்ச்சக்கரம் வைத்து, அது சுற்றும்போது பெரிய மரச் சுத்தியல்கள் மாறி மாறித் தூக்கி விழும்படி செய்தார்கள். உரலில் இரண்டு உலக்கை மாறி மாறி விழுவதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள், உரலுக்குள் நெல்லுக்குப் பதில் துணி. இங்கிலாந்தில் இத்தகைய ஆலைகளைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் சில, 1185இல் டெம்ப்ளர் என்ற சமயப் போர்வீரர் சபை தன் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது எழுதப்பட்டவை. யார்க்‌ஷயரில் ஒன்று, காட்ஸ்வோல்ட் பகுதியில் ஒன்று.

நூற்பதும் நெய்வதும் இயந்திரமாக இன்னும் அறுநூறு ஆண்டு ஆகவிருந்த காலம் அது. துணித் தொழிலின் எல்லாப் படிகளிலும் முதலில் மனித உடம்பை விட்டு இயந்திரத்துக்குப் போனது இந்த மிதிக்கும் வேலைதான். எல்லாரும் அதைச் சந்தோஷமாக ஏற்கவுமில்லை. ஆலை நிலப்பிரபுவுக்குச் சொந்தம், அங்கே கொண்டுபோனால் கூலி கட்ட வேண்டும். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் குடியானவர்கள் 1274இல் மடாதிபதியோடு மோதினார்கள். மடத்து ஆலைக்குத்தான் வரவேண்டும் என்பது அவர் கட்டளை, எங்கள் வீட்டிலேயே செய்துகொள்வோம் என்பது இவர்கள் பேச்சு.

ஆக, 14ஆம் நூற்றாண்டில் வாக்கர் என்று பெயர் எழுதப்பட்ட ஒருவர் காலால் மிதித்தவராகவும் இருக்கலாம், ஆலையில் சுத்தியலுக்கு அடியில் துணியைப் புரட்டிக் கொடுத்தவராகவும் இருக்கலாம். ஆலைக்கே ‘வாக் மில்’ என்று பெயர் வந்துவிட்டதே. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் மட்டும் 20ஆம் நூற்றாண்டு வரை ஆள்பலம் தொடர்ந்தது. பெண்கள் ஒரு நீளப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரக் கம்பளித் துணியைத் தாளத்தோடு அடித்துச் சுழற்றி, அதற்கென்றே உள்ள கேலிக் மொழிப் பாட்டுகளைப் பாடுவார்கள். நடவுப்பாட்டைப் போல, வேலையின் வேகத்தைப் பிடித்து வைக்கிற பாட்டு.

லண்டனில் ஃபுல்லர்களின் தொழிற்குழு 1528இல் துணி கத்தரிப்போரின் குழுவோடு இணைந்து ஒரே சங்கமானது. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

இதிலிருந்து என்ன தெரிகிறது, என்ன தெரியாது

குடும்பப் பெயரை வைத்து வம்சம் சொல்கிறேன் என்கிற விளம்பரங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. வெளிநாட்டில் குடியேறிய நம் பிள்ளைகள் வாக்கர் வீட்டிலும் டக்கர் வீட்டிலும் சம்பந்தம் செய்கிற காலம் இது. ஆகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

1. பெயர் ஒன்று என்பதால் இரத்தம் ஒன்றாகாது. கம்பளி நெய்த ஒவ்வொரு ஊரிலும் ஒரு வாக்கர் இருந்தார். நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியாக அந்தப் பெயர் உருவானது. தந்தைவழி வருகிற ஒய் குரோமோசோமை வைத்து இதைச் சோதிக்க முடிகிறது. ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் 2000ஆம் ஆண்டில், தன்னுடைய பெயரையே கொண்ட ஆண்களைச் சோதித்தார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. சைக்ஸ் ஓரளவு அரிய பெயர், அதனால் அப்படி. ஸ்மித் போன்ற பெருவழக்குப் பெயர்களில் அந்த ஒற்றுமை கிடையாது, தெருவில் போகிற இரண்டு பேரைப் பிடித்துச் சோதித்த மாதிரிதான். பிரிட்டனில் முதல் 20 பெயர்களுக்குள் வருகிற வாக்கரையும் அந்தக் கணக்கிலேயே வைக்க வேண்டும்.

2. பெயர் வேறு என்பதால் தொழில் வேறாகாது. ஃபுல்லர், வாக்கர், டக்கர் மூவரின் மூதாதையரும் ஒரே வேலை செய்தவர்கள். பெயரில் இருக்கும் வேறுபாடு முன்னோர் எந்தப் பேச்சுவழக்குப் பகுதியில் இருந்தார் என்பதைச் சொல்கிறது. ஆங்கிலத் தொழிற்பெயர்களிலிருந்து கிடைக்கிற மிக நம்பகமான தகவல் இதுதான் என்பது என் கருத்து.

3. பெயரைச் சாதி என்று வாசிக்கக் கூடாது. நமக்கு அந்தப் பழக்கம் எளிதில் வந்துவிடும். ஆனால் இந்தப் பெயர் சுட்டுவது ஒரே ஒரு மூதாதையரின் ஒரே ஒரு காலகட்டத்தை. அவர் பேரன் கசாப்புக் கடை வைத்தாலும் கப்பல் ஏறினாலும் வாக்கர்தான். பெயர் தொடர்ந்தது, தொழிலோ கல்யாணமோ அதற்குள் கட்டுப்படவில்லை.

4. ‘வாக்கர் குடும்பச் சின்னம்’ என்று ஒன்று கிடையாது. கேடயமும் சிங்கமும் போட்டு, கோப்பையில் அச்சடித்து விற்பார்கள். இங்கிலாந்தில் இத்தகைய சின்னங்களை வழங்க 1484இல் ஏற்பட்ட அமைப்பு இன்றும் செயல்படுகிறது. சின்னம் தனி ஒருவருக்கும் அவருடைய நேர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது, ஒரு குடும்பப் பெயருக்கு அல்ல என்று அந்த அமைப்பே தெளிவாகச் சொல்கிறது.

5. ஒரே மாதிரி தெரிவதெல்லாம் ஒன்றல்ல. சிங்கப்பூர் ஆற்று முகத்தில் இருக்கும் ஃபுல்லர்டன் கட்டடம் பலருக்குப் பழக்கமானது. சென்னையிலும் பணியாற்றிய பின், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் முதல் ஆளுநரான ராபர்ட் ஃபுல்லர்டனின் பெயர் அது. ஃபுல்லர்டன் என்பதற்குப் ‘பறவை பிடிப்பவர் ஊர்’ என்று பொருள், துணியோடு உறவில்லை. நியூகாசிலில் வாக்கர் என்றே ஒரு பகுதி உண்டு. ரோமர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய சதுப்பு நிலம் என்பதால் வந்த பெயர். ஸ்காட்லாந்தில் ‘துணி மிதிப்பவர் மகன்’ என்று பொருள்படும் கேலிக் பெயர் கொண்ட குடும்பங்கள், ஆங்கிலத்துக்கு மாறும்போது வாக்கர் என்று எழுதிக்கொண்டன. அது மொழிபெயர்ப்பு.

6. பெயர் வந்த வழி எப்போதும் பிறப்பல்ல. அமெரிக்காவில் வாக்கர் என்ற பெயர் கொண்டவர்களில் கறுப்பினத்தவர் ஏராளம். 1865இல் அடிமைமுறை ஒழிந்தபின் விடுதலையானவர்கள் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். சிலர் பழைய எஜமானரின் பெயரை வைத்துக்கொண்டார்கள், சிலர் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். தலைமுடிப் பராமரிப்புப் பொருள்கள் விற்றுப் பெரும் தொழிலதிபரான மேடம் சி. ஜே. வாக்கர் 1867இல் பிறந்தபோது சாரா பிரீட்லவ். வாக்கர் கணவர் வழி வந்த பெயர். யார்க்‌ஷயர் தொட்டியில் அவர் முன்னோரைத் தேடுவது அவருடைய வரலாற்றையே அழிப்பதாகும்.

கடல் கடந்த பிறகு

1620இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா போனவர்களில் சாமுவேல் ஃபுல்லரும் எட்வர்ட் ஃபுல்லரும் இருந்தார்கள். அண்ணன் தம்பி, நார்ஃபோக்கிலுள்ள ரெடன்ஹால் ஊர்க்காரர்கள். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதி, ஃபுல்லர் என்ற சொல்லின் சொந்த மண். சாமுவேல் அந்தக் குடியேற்றத்துக்கு வைத்தியராக இருந்தார்.

வாக்கர் பெயர் புஷ் குடும்பத்துக்குள் வந்த கதை சுருக்கமானது. செயின்ட் லூயிஸ் நகரத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் வாக்கர் என்ற வங்கியாளரின் மகள் டோரதி, 1921இல் பிரெஸ்காட் புஷ்ஷை மணந்தார். அவர்களுடைய மகனும் பேரனும் அதிபரானார்கள். இருவர் பெயரிலும் நடுவில் வாக்கர் இருக்கிறது. தாய்வழிக் குடும்பப் பெயரை நடுப்பெயராக வைப்பது அங்கே சகஜம்.

ஃபுல்லர் பெயர் போய்ச் சேர்ந்த இடம் இன்னும் தூரம். முக்கோணச் சட்டங்களை இணைத்து அரைக்கோள வடிவக் கட்டடங்களைப் பிரபலமாக்கியவர் அமெரிக்கரான பக்மின்ஸ்டர் ஃபுல்லர். 1967இல் மாண்ட்ரியல் கண்காட்சியில் அவர் அமைத்த பெரிய கோளம் இன்றும் நிற்கிறது. 1985இல் க்ரோட்டோ, ஸ்மாலி, கர்ல் ஆகியோர் 60 கார்பன் அணுக்கள் பந்துபோலச் சேர்ந்த மூலக்கூறைக் கண்டபோது, அதன் வடிவம் அவருடைய கட்டடங்களை நினைவூட்டியது. அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1996இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மேல்நிலை வேதியியல் பாடத்தில் வைரம், கிராஃபைட்டுக்கு அடுத்துப் பிள்ளைகள் படிக்கிற ‘ஃபுல்லரீன்’ அதுதான். அந்தச் சொல்லின் முதல் பாதி, ரோமானியப் பட்டறையில் குட்டைச் சுவர்களில் கையூன்றி, முழங்கால் வரை நனைந்து நின்றவனுடைய பெயர்.